காய்ந்த தோப்பு வழியாக – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அப்பா போன பிறகு வீட்டுக்குள் உட்கார முடியாமல் சைக்கிளை எடுத்தேன், இப்போது அதுவே பித்தாகிவிட்டது. வரும் வசந்தத்தில் நண்பர்களோடு தெற்கு இத்தாலியின் பூலியாவுக்கு மவுண்டன் பைக்கில் போகிறோம். ஒஸ்தூனியில் தொடங்கி ஆலிவ் தோப்புகள், கூம்புக்கூரை வீடுகள், அல்பெரோபெல்லோ, பிறகு திரும்பிவிடுவது என்று திட்டம். எந்த மாதம் நல்லது? இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்? லெச்சே நகரத்துக்குத் தெற்கே நோய் விழுந்து ஆலிவ் மரங்கள் எல்லாம் பட்டுப்போய்விட்டன, பார்க்கவே நன்றாக இருக்காது, ஒரு போட்டோகூடத் தேறாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தெற்கை விட்டுவிடலாம்தானே?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

விடக்கூடாது. கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்கள் கடைசி வரி தொட்டுவிட்டது, அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏப்ரல் கடைசி, மே. முன்பக்க சஸ்பென்ஷன் போதும். டயர் டியூப்லெஸ்ஸாக இருக்கட்டும், கப்பிக்கல்லும் முள்ளும் நிறைந்த பாதைகள் அவை. மழை பெய்த மறுநாள் தோப்புக்குள் இறங்காதீர்கள், அந்தச் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் சைக்கிளைத் தூக்கித்தான் நடக்க வேண்டும். சிஸ்டெர்னீனோ பக்கத்திலிருந்து செலியே மெஸ்ஸாபிகா வரை பெரிய குடிநீர்க் குழாயின் மேலேயே ஒரு மண்பாதை ஓடுகிறது, கார் வராது, அதைத் தவறவிடாதீர்கள். ஆறே இல்லாத சுண்ணாம்புக்கல் பூமி அது, பெய்த மழையெல்லாம் பாறை இடுக்கில் இறங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் இருந்து தண்ணீர் கொண்டுவர 1906ல் வேலையைத் தொடங்கி, 1915ல் பாரி நகரத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அந்தக் குழாய்மேல்தான் ஓட்டப்போகிறீர்கள். அல்பெரோபெல்லோவுக்கு விடிகாலையில் போய்விட்டு, பஸ்கள் வருவதற்குள் கிளம்பிவிடுங்கள். கூம்புக்கூரை வீடுகளைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கிலோமீட்டர் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். ஒஸ்தூனியிலிருந்து அல்பெரோபெல்லோ கிட்டத்தட்ட முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஒரு காலையில் மிதித்துத் தள்ளிவிட்டு, ஓட்டிய தூரத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் ஏற்றிவிடலாம். அதற்கு ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள காடே போதுமே, இவ்வளவு தூரம் எதற்கு?

ஒன்றே ஒன்று, கண்டிப்பாகச் சொல்கிறேன். தோப்புக்குத் தோப்பு இடுப்புயரக் கற்சுவர் இருக்கும். அதன்மேல் சைக்கிளைத் தூக்கிப் போட்டு ஏறிக் குதிக்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன், உங்கள் நண்பர்களும் செய்வார்கள். செய்ய விடாதீர்கள். சுண்ணாம்புக் காரை கிடையாது, மண் பூச்சு கிடையாது. இரண்டு பக்கமும் முகம்பார்த்து அடுக்கிய பெரிய கல், கொஞ்சம் உள்வாக்கில் சாய்ந்து நிற்கும், நடுவில் பொடிக்கல் திணித்திருக்கும், ஒன்றின் பாரத்தில்தான் இன்னொன்று நிற்கிறது. உழுவதற்காகப் பொறுக்கிய கல்லைத் தலைமுறை தலைமுறையாக ஓரத்தில் அடுக்கி எழுந்த சுவர். மேல்கல் ஒன்று உருண்டால் அடுத்த மழையில் ஒரு பாகம் சரியும், அதைத் திருப்பி அடுக்கத் தெரிந்த கை இன்று அங்கே அரிது. 2018ல் யுனெஸ்கோ இந்தக் கைத்தொழிலையே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வழி இல்லையென்றால் சுற்றிப் போங்கள்.

சரி, தெற்குக்கு வருவோம். லெச்சே இருக்கும் தீபகற்பத்துக்குச் சலெந்தோ என்று பெயர். அங்கே செத்துப்போனது ஒரு காடு என்று உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்கள். அது காடே இல்லை. ஒவ்வொரு மரமும் ஒருவர் வைத்தது, அதுவும் பெரும்பாலும் சாப்பிடுவதற்காக வைத்தது அல்ல. இதைத்தான் நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. சலெந்தோவின் எண்ணெய் நூற்றாண்டுக் கணக்காக விளக்கு எரிக்கப் போனது. கல்லிப்போலி துறைமுகத்திலிருந்து (முதல் உலகப்போர் நடந்த துருக்கி ஊர் வேறு, இது இத்தாலியில்) பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. லண்டன் தெருவிளக்கும் இங்கிலாந்தின் கம்பளி ஆலைகளும் அதை வாங்கின. புகை குறைவு, ஒளி தெளிவு என்று அதற்குத் தனி மதிப்பு. அப்புறம் கேஸ் விளக்கும் மண்ணெண்ணெயும் வந்து அந்த வியாபாரம் படுத்தது. மரங்கள் மட்டும் நின்றன.

அங்கே மரங்கள் ஏன் அவ்வளவு உயரமாக வளர விடப்பட்டன என்று யோசித்திருக்கிறீர்களா? கையெட்டும் உயரத்தில் வெட்டி வைக்க வேண்டிய தேவையே இல்லை, விளக்கு எண்ணெய்க்குப் பறித்த காய் வேண்டாம், பழுத்துத் தானாக உதிர்ந்தது போதும். பெண்கள் குளிர்காலத்தில் ஈரமண்ணில் முட்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். குவித்து வைத்து அழுகினாலும் பரவாயில்லை, எரியும். நாம் பழமை என்றும் கம்பீரம் என்றும் போட்டோ எடுக்கும் அந்த மரத்தின் உருவத்தில் அவர்கள் முழங்கால் வலி இருக்கிறது.

கல்லிப்போலியில் ஒரு மாளிகைக்கு அடியில் பாறையைக் குடைந்த பழைய எண்ணெய் ஆலை ஒன்று இருக்கிறது. அதற்குள் இறங்கியது எனக்கு இன்றும் மறக்கவில்லை. படி இறங்க இறங்க வெளிச்சம் போய், மெத்தென்ற ஒரு வெதுவெதுப்பு வந்து முகத்தில் ஒட்டும். அதற்காகத்தான் மண்ணுக்கடியில் குடைந்தார்கள். குளிர்ந்தால் எண்ணெய் உறையும், பாறைக்குள்ளே உறையாது. மேலே தெருவில் ஒரு துளை, அது வழியாக மூட்டையைக் கவிழ்த்தால் காய் நேராகக் கீழறையில் விழும். நடுவில் வட்டக்கல். கண்ணைக் கட்டிய கோவேறுகழுதை நம் ஊர் செக்குமாட்டைப்போல அதைச் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கிறது. மனிதர்கள் இலையுதிர்காலத்தில் இறங்கினால் வசந்தம் வரை உள்ளேதான், திருநாள் வந்தால் மேலே வருவார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப்புகையின் கருப்பு பாறைக்குள்ளேயே இறங்கியிருந்தது, விரலில் ஒட்டவில்லை. லண்டனில் தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்க, இங்கே இவர்கள் பகலையே பார்க்காமல் கிடந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

2013ல் அதே கல்லிப்போலிப் பக்கத்தில்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். ஸைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. மரத்துக்குள் தண்ணீர் மேலேறும் குழாய்களை அடைத்துவிடும், நுனிக்கிளை முதலில் கருகும், பிறகு மொத்த மரமும். நீங்கள் போகும் நேரத்தில் பாதையோரப் புல்லைக் குனிந்து பாருங்கள், யாரோ எச்சில் துப்பியதுபோல வெள்ளை நுரை தெரியும். விரலால் விலக்கினால் உள்ளே வெளிறிய ஒரு சின்னப் பூச்சி இருக்கும். அது வளர்ந்து மரத்துக்கு மரம் நோயைக் கடத்துகிறது. அதனால்தான் அங்கே விவசாயிகள் வசந்தத்தில் தோப்புப் புல்லை வெட்டுவதும் உழுவதும்.

தெற்கில் பெரும்பாலும் இரண்டே ரகங்கள், செல்லீனா தி நார்தோவும் ஒலியரோலாவும். அவை இரண்டுமே இந்த நோயைத் தாங்காதவை. ஒரே வியாபாரத்துக்காக ஒரே பயிரை அடிவானம் வரை நிரப்பினால் நோய் எங்கேயும் நிற்க வேண்டியதே இல்லை. நோய் பரவாமல் தடுக்க மரங்களை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது 2015ல் ஜனங்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், நீதிமன்றம் தடை போட்டது, ஆராய்ச்சி செய்தவர்கள் மேலேயே விசாரணை வந்தது, பிறகு அது கைவிடப்பட்டது. அந்த ஜனங்களின் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சண்டையில் போன காலம் நோய்க்குக் கிடைத்த காலம். இன்று இரண்டு கோடி மரங்களுக்கு மேல் பாதிப்பு, ஒஸ்தூனிச் சமவெளியின் பழைய மரங்கள் வரை வந்துவிட்டது. உங்கள் நண்பர்கள் போடும் எல்லைக்கோட்டை அந்தப் பூச்சி மதிக்கவில்லை.

அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவர் தோப்பு முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு மரத்தையும் பிடுங்கவில்லை. ஒரு மரத்தின் அடியில் முளைத்த பச்சைத் துளிரைக் காட்டி, "இதுவும் கருகிவிடும், தெரியும்" என்றார். தெரிந்தும் அதைச் சுற்றிக் களை எடுத்து வைத்திருந்தார். அது தாத்தா வைத்த மரம், இது தாத்தாவின் அப்பா வைத்தது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வதுபோலக் காட்டிக்கொண்டே வந்தார். நான் பேசாமல் கூடவே நடந்தேன். செந்தில், அப்பாவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதைப் பேசச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் பேசுவது உங்கள் நண்பர்களைவிட உங்களுக்குப் புரியும். இழப்பைப் பார்க்கக் கூடாது என்று வேறு வழியில் ஓட்டுகிற ஆள் நீங்கள் இல்லை, அப்படி இருந்தால் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

அப்புறம், தெற்கில் சாவு மட்டும் இல்லை. லெச்சீனோ என்றும் ஃபவோலோசா என்றும் நோயைத் தாங்கும் இரண்டு ரகங்களுக்குத்தான் முதலில் அனுமதி கிடைத்தது, இப்போது கன்றுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒஸ்தூனிப் பக்கம் கிழட்டு மரங்களில் லெச்சீனோ ஒட்டுக் கட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டு ரகம் செத்த இடத்தில் திரும்பவும் இரண்டு ரகத்தையே நிரப்பினால் என்ன கற்றுக்கொண்டோம்? லெச்சேயிலிருந்து கல்லிப்போலி நாற்பது கிலோமீட்டர் சொச்சம், சமதரை, மெதுவாகப் போங்கள். கன்று வைத்திருக்கும் யாராவது ஒருவரிடம் நின்று, ஆலிவைத் தவிர வேறு என்ன வைத்தீர்கள் என்று கேளுங்கள். அத்தி, பாதாம், மாதுளை, எதுவாக இருந்தாலும் சரி, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். நண்பர்கள் வரமாட்டேன் என்றால் அவர்களை ஒஸ்தூனியிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள்.