டிரவுட்டுக்கு டிப்பெட் நைலானா, ஃப்ளூரோகார்பனா?

ஃப்ளூரோகார்பன் டிப்பெட் (தூண்டில் நரம்போட நுனில வர்ற மெல்லிசான இழை) விலை ரொம்ப அதிகமா இருக்கே, அதத்தான் வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க. உங்க ஃப்ளை (பூச்சி மாதிரி செஞ்ச தூண்டில் முள்) மிதக்கணுமா முங்கணுமா, அத வச்சுதாங்க முடிவு. ஃப்ளூரோவோட அடர்த்தி 1.78 கிட்ட வரும், நைலான் 1.14 தான், அதனால நிம்ஃப் மாதிரி அடியில போற ஃப்ளைக்கு ஃப்ளூரோ சரி, மேல மிதக்கற டிரை ஃப்ளைக்கு நைலானே போதும், சாஃப்டாவும் இருக்கும். மீன் கண்ணுக்கே தெரியாதுன்னு கடையில சொல்வாங்க, கொஞ்சம் கம்மியா தெரியும், அவ்ளோதான்.

டிப்பெட் சைஸுக்கு, ஹூக் நம்பர 3-ஆல வகுத்துக்குங்க, 16-ம் நம்பர் ஃப்ளைன்னா 5எக்ஸ் டிப்பெட், அதாவது தடிமன் 0.006 இஞ்ச், சுமார் 0.15 மிமீ.

போன தடவ ஹிமாச்சல்ல தீர்த்தன் ஆத்துல ஒரு பிரவுன் டிரவுட் இழுத்த இழுப்புல பட்டுனு அறுந்துச்சு, பாத்தா அது ஜன்னலோரம் வெயில்ல ரெண்டு வருஷம் கெடந்த நைலான் ஸ்பூல், வெயில் பட்டா நைலான் வீக் ஆயிடும்னு தெரிஞ்சும் எடுத்துட்டு போனேன் பாருங்க.

லீடர் (மெயின் லைனுக்கும் டிப்பெட்டுக்கும் நடுவுல வர்ற நரம்பு) மட்டும் 9 அடி நைலான்லயே வச்சுக்குங்க, நுனில 2 அடி டிப்பெட் சேத்தா போதும். நைலானையும் ஃப்ளூரோவையும் சேக்க சர்ஜன் முடிச்சு போடுங்க, இறுக்கறதுக்கு முன்னாடி எச்சி தொட்டு நனைச்சுக்குங்க, காஞ்சபடியே இறுக்குனா உரசி சூடாகி முடிச்சுலயே விட்டுரும்.