1950க்கு முந்தைய ஒரு காகிதம்

அன்புள்ள ஐயா,

நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக இங்கு வந்தவர். ‘தாராவித் தமிழ் ஆதிதிராவிடர்களின் சவால்களும் மேம்பாடும்’ என்ற தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். சொந்தச் சமூகத்தை ஆராய்ந்தால் நடுநிலை இருக்காது என்கிறார் நெறியாளர். வினாநிரலோடு போனால், “எத்தனை பேர்தான் வந்து எழுதிக்கொண்டு போவீர்கள், எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்கிறார்கள் தெருவிலுள்ள அத்தைமார்கள். நான் யாருக்குப் பதில் சொல்வது?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நெறியாளரின் ஐயத்தை முதலில் முடித்துவிடலாம். 1916இல் கொலம்பியாப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்த அம்பேத்கர், அதில் தாம் பட்ட இழிவுகளை அடுக்கவில்லை; அகமணம் என்னும் விதி சாதியை எப்படி உண்டாக்கிக் காக்கிறது என்றுதான் ஆராய்ந்தார். உள்ளிருப்பவருக்கு நடுநிலை கைகூடாது என்பவர்களுக்கு அது ஒன்றே போதும்.

அத்தைமார்களின் கேள்விதான் கனமானது. உங்கள் தலைப்பிலுள்ள ‘சவால்கள்’ என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். சவால் என்றால் அதை விட்டவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? ஆய்வேடுகளில் அவர் தென்படுவதே இல்லை. வருமானம் எவ்வளவு, கழிப்பறை உண்டா, எத்தனையாவது வகுப்போடு படிப்பு நின்றது என்று மக்களையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அந்த நிலைமையை நீடிக்கவைக்கும் விதிகளிடம் எதையும் கேட்பதில்லை. ஏதாவது ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள் என்பேன்.

உங்களுக்கு மிக அருகில் இருப்பது சாதிச் சான்றிதழ். அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுவதால், திருநெல்வேலியில் பட்டியல் சாதியினராக இருப்பவர் மும்பைக்குக் குடிபெயர்ந்துவிட்டால், அந்தத் தகுதியைக் காட்டி மகாராஷ்டிரத்தின் இடஒதுக்கீட்டைக் கோர முடியாது. ஆந்திரத்திலிருந்து வந்த பழங்குடிக் குடும்பத்து மாணவர் ஒருவர் மும்பையில் மருத்துவப் படிப்புக்கு இடம் கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1990இல் இதை உறுதிசெய்தது. சொந்த மாநிலச் சான்றை வைத்து இங்கு பெறும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்கு உதவும். இங்குள்ள மாநில அரசு வேலைக்கு உதவாது. இங்கேயே உரிமை வேண்டுமென்றால், சாதியின் பெயர் இம்மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். அத்துடன், பட்டியல் சாதிகளை அறிவித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இங்கு குடியிருந்ததற்கு ஆதாரமும் வேண்டும்.

என்ன ஆதாரம்? பெரும்பாலும் கேட்கப்படுவது பழைய பள்ளிச் சான்றிதழ். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க வழியில்லாமல் தோல் தொட்டியில் நின்றவரின் பேத்தியிடம் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழைக் கேட்பதை என்னவென்று சொல்வது! வேறு காகிதங்களை டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு; ஆனால் மும்பையின் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய 2005 ஜூலை 26 அன்று தாழ்வான தெருக்களில் பெட்டிகளும் நனைந்தன.

இப்போது இரண்டாவது தேதியும் வந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே இலவச வீடு பெற, தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். (மாடியில் இருப்பவர்களின் கணக்கு வேறு.) சாதிக்கு ஒரு தேதி, கூரைக்கு ஒரு தேதி. ஒரே குடும்பம் இந்த இரண்டுக்கும் எப்படி முகம் கொடுக்கிறது, எந்தக் காகிதம் எதற்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது, ஒவ்வொரு நடைக்கும் எத்தனை நாள் கூலி போகிறது என்று எழுதினால், வினாநிரலின் பாதி அலுவலகச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை நோக்கித் திரும்பிவிடும்.

அத்தைமார்களிடம் இந்த ஆய்வால் எதுவும் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும், அவர்களைப் பற்றிய இயல்களைத் தமிழில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘இதை எடுத்துவிடு’ என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள். தெரிந்த பெண் என்பதால் உங்களிடம் சொல்லக்கூடாததையும் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள். தாத்தா வந்த வருடத்தைக் காட்டும் காகிதம் ஏதாவது பரணில் இருக்கிறதா?