மட்கார்டு எழுத்துகள் அச்சுக்குப் போகும் முன்

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய வாடகை சைக்கிள்களின் மட்கார்டிலும் செயின் கவரிலும் பெயின்டில் எழுதியிருக்கும் கடைப் பெயர்களை, எண்களை இரண்டு வருடமாக வரைந்து சேர்த்து வருகிறேன். படமும் கையெழுத்துமாக 24 பக்கத்தில் ஒரு ஜைன் (சொந்தமாகப் போடும் சிறு இதழ்) போட ஆசை. 100 பிரதி போதும். பிரஸ்ஸில் அவர்கள் கேட்பது எதுவும் புரியவில்லை, எங்கே ஆரம்பிப்பது?

இப்போதைக்குப் பிரஸ் பக்கம் போகாதீர்கள். வீட்டில் ஆறு ஏ4 தாளை எடுத்துப் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள், 24 பக்கம் வந்துவிடும். பென்சிலால் வரிசையாக எண் போட்டுவிட்டுத் தாள்களைப் பிரித்துப் பார்த்தால் 24-ம் 1-ம் பக்கத்து பக்கத்தில் இருக்கும், அதன் முதுகில் 2-ம் 23-ம். இந்த அடுக்கைத்தான் அவர்கள் இம்போசிஷன் என்கிறார்கள், அதை அவர்களே செய்துகொள்வார்கள், நீங்கள் 1, 2, 3 என்று ஒற்றைப் பக்கங்களாக பிடிஎஃப் கொடுத்தால் போதும். அப்படியானால் மடித்துச் செய்த இந்த மாதிரிப் புத்தகம், அதாவது டம்மி, எதற்கு? விரித்தால் எதிரெதிரே தெரிகிற பக்கங்களில் 12-ம் 13-ம் மட்டும்தான் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் அச்சாகிறவை. மற்ற எல்லா ஜோடியும் வெவ்வேறு தாள். முழு சைக்கிளைப் பக்கவாட்டில் வரைந்திருப்பீர்கள் இல்லையா, அது நடுப்பக்கத்துக்குத்தான் போக வேண்டும். நான் ஒருமுறை அதை 8, 9-ல் வைத்துவிட்டு, மடித்து வந்த பிறகு பார்த்தால் மேல் பார் கம்பி நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இறங்கி, லாரியில் மோதிய வண்டி மாதிரி நின்றது.

நடுப்பக்கத்திலும் பின் அடிக்கிற இரண்டு இடத்தை டம்மியில் குறித்துக்கொண்டு, அங்கே எழுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் படத்துக்கு நிஜ அளவில் ஏழில் ஒரு பங்கு சரியாக இருக்கும்: பெரிய சைக்கிள் சுமார் 190 செ.மீ. நீளம், அது 27 செ.மீ. ஆகி, 29.7 செ.மீ. அகலத்தில் அடங்கிவிடும். சக்கரத்தின் 2 மி.மீ. போக்ஸ் கம்பி 0.3 மி.மீ. கோடாகும், அது தாராளமாக அச்சாகும். (கம்பியை எண்ணி வரையுங்கள். பழைய வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40. சைக்கிள்காரர்கள் கட்டாயம் எண்ணுவார்கள்.)

அடுத்தது எழுத்து, பெரும்பாலோர் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஏ4 அளவில் எழுதி ஏ5-க்குச் சுருக்கினால் எல்லாம் 71 சதவீதமாகிறது. நோட்டில் அழகாகத் தெரிந்த ண, ஞ, ஐ எல்லாம் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். அதனால் சின்ன விளக்க வரிகளை மெல்லிய பேனாவில், சுழியை வேண்டுமென்றே கொஞ்சம் திறந்து எழுதுங்கள், ஒரு பக்கத்தை 71 சதவீதத்தில் ஜெராக்ஸ் எடுத்துப் படித்துப் பாருங்கள். அதுதான் சோதனை, கம்ப்யூட்டர் திரையை நம்பாதீர்கள். கறுப்பு மையில் எழுதியதை 600 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், போனில் எடுத்த படம் வேண்டாம். பிரஷ் ஓட்டமும் பெயின்ட் உரிந்த இடமும் தெரிய வேண்டிய வண்ணப் பக்கங்களுக்கு 300 போதும். கறுப்பு எழுத்து வெறும் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். வண்ண அச்சின் நாலு மையும் (நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பாக இருந்தால், மை கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தட்டும்.

சில இடத்தில் டைப் செய்யப் போகிறீர்கள் என்றால், பிடிஎஃப்பில் எழுத்துருவைச் சேர்த்தே அனுப்புங்கள். வேர்டு ஃபைலைக் கொடுத்துவிட்டுக் கொம்பும் புள்ளியும் இடம் மாறிப்போச்சு என்று அழுதவர்கள் நிறையப் பேர்.

தங்க நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறீர்கள். மட்கார்டு எழுத்தின் அவுட்லைனில் இருக்கும் அந்தத் தங்கப் பெயின்ட் சாதாரண நாலு வண்ண அச்சில் வரவே வராது, கடுகு அரைத்த மாதிரி ஒரு பழுப்புதான் வரும். மஞ்சளாக மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் 100 அட்டைதானே, தங்கப் பேனாவால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கையால் இழுத்துவிடுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன்.

இப்போது பிரஸ். 100 பிரதிக்கு, ஃபைலிலிருந்து நேரே அடிக்கும் டிஜிட்டல்தான். பிளேட் செய்து அடிக்கும் ஆஃப்செட்டில் பிளேட் செலவு 100-க்கும் 1000-க்கும் ஒன்றே என்பதால் ஐந்நூறுக்கு மேல் போனால் மட்டும் விசாரியுங்கள். உள்ளே 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத சாதாரண அச்சுத்தாள், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம், நடுவில் இரண்டு பின், அட்டைக்குக் கிரீஸிங் (மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்தி விடுவது) உண்டு என்று சொல்லுங்கள். கிரீஸிங் இல்லாமல் கெட்டி அட்டையை மடித்தால் முதுகில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். 13×19 அங்குலத் தாளில் இரண்டிரண்டாகப் போட்டு வெட்டச் சொன்னால் பெரும்பாலும் தாளின் நார் ஓடும் திசையிலேயே மடிப்பும் விழும், புத்தகம் வாய் பிளக்காமல் படிந்து கிடக்கும். ஓரம் வரை நிறம் ஓடுகிற பக்கங்களுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், எழுத்தை வெட்டு ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். ஒரே ஒரு பிரதி முதலில் அடித்துக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே மீதியை ஓட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குகிற கடையாக இருந்தால் வேறு கடை.

எழுதிய ஓவியர்கள் யாரென்று சைக்கிள் கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். தேடிப் போய்ச் சொல்லுங்கள், சம்மதித்தால் அந்தந்தப் பக்கத்திலேயே அவர்கள் பெயரைப் போடுங்கள், பிரதியும் கொடுங்கள். சைக்கிள் கம்பெனி லோகோ படத்துக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், அட்டையில் தலைப்பு மாதிரி வேண்டாம்.

விலையை அச்சுச் செலவைப் போல இரண்டரை மடங்காவது வையுங்கள், புத்தகக் கடையில் வைத்தால் அவர்கள் கமிஷன் போகத்தான் உங்களுக்கு வரும். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வேண்டுமா என்று யாராவது பயமுறுத்துவார்கள். இந்தியாவில் அது இலவசம்தான், ஆனால் கையில் கொடுத்து விற்கிற 100 பிரதிக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.