டிஸ்க் பல்ஜ் என்று ரிப்போர்ட் வந்தால் ஆபரேஷன்தானா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலர். நாள் முழுக்க மெஷினில் குனிந்து உட்கார்ந்துதான் வேலை. இரண்டு மாதமாக இடுப்பு வலி. மூன்று வாரமாக வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை சுண்டி இழுக்கிறது. இருமினால், தும்மினால் உயிர் போகிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ், டிஸ்க் தேய்மானம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஜவ்வு விலகிவிட்டது, இனி ஆபரேஷன்தான் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போனால் தட்டி உள்ளே தள்ளிவிடுவார் என்கிறார் என் மாமியார். பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். அதை யாராலும் தட்டி உள்ளே தள்ள முடியாது. அது இடம் மாறிப் போகவும் இல்லை.

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று அசையக்கூடிய முதுகெலும்புகள் மொத்தம் 24. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மட்டும் டிஸ்க் கிடையாது. மற்றபடி ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்று உண்டு. இடுப்பு டிஸ்க் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். வெளியே நார் வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு. ஓர் அடுக்கின் நார் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால்தான் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி நார்களாவது இழுத்துப் பிடிக்கின்றன. நடுவில் இளநுங்கு மாதிரி வழவழப்பான பகுதி, பெரும்பாலும் தண்ணீர். டிஸ்க்கின் மேலும் கீழும் எலும்போடு நார்கள் பின்னிப் பிணைந்திருக்கின்றன. ஆகவே அது எங்கும் வழுக்கிப் போகாது. ஓரம் சற்றுப் பிதுங்கினால் பல்ஜ். நார் கிழிந்து உள்ளிருப்பது வெளியே தள்ளினால் அது அடுத்த கட்டம். உங்கள் ரிப்போர்ட்டில் முதலாவதுதான் இருக்கிறது.

சரி, முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அந்த டிஸ்க்கைத் தொட முடியுமா? தோல், கொழுப்பு, தடித்த தசை, எலும்பு வளைவு, அதற்கு உள்ளே நரம்புகள் ஓடும் குழாய், இத்தனையையும் தாண்டி முன்பக்கம் இருக்கிறது டிஸ்க். தட்டும்போது ‘மளுக்’ என்று கேட்பது டிஸ்க் அல்ல. ஒவ்வொரு முதுகெலும்புக்கும் பின்புறம் இடமும் வலமுமாகச் சிறு மூட்டுகள் உண்டு. முழங்கால் மூட்டைப் போலவே அவற்றிலும் குருத்தெலும்பு, மூட்டு நீர், மேலே ஓர் உறை. அந்த நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம் அது. விரலில் சொடுக்கு எடுப்பதும் இதேதான். கொஞ்ச நேரம் இதமாக இருக்கலாம். ஆனால் கால் வரை இழுக்கும்போது முதுகை முறுக்கி, ஏறி மிதித்து வைத்தியம் பார்ப்பது ஆபத்து. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பல்ஜ் ஏன் பெரும்பாலும் எல்4–எல்5 (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே), அதற்குக் கீழே உள்ள எல்5–எஸ்1 (ஐந்தாவது எலும்புக்கும் அடியில் ஒட்டிப்போன எலும்புக்கும் நடுவே) என்ற இரண்டு இடங்களில் வருகிறது? மேலே மார்புப் பகுதியை விலா எலும்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கீழே அசையாத எலும்பு. நடுவில் குனிவது, நிமிர்வது, எடை தாங்குவது எல்லாம் இந்த இரண்டின் தலையில்தான். டிஸ்க்கின் பின்புறம் மேலிருந்து கீழாக ஓடும் தசைநார்ப் பட்டை ஒன்று உண்டு. இடுப்புக்கு வரும்போது அது குறுகிவிடுகிறது. அதனால் டிஸ்க் நேர் பின்னால் பிதுங்காமல் சற்று ஓரமாகப் பிதுங்குகிறது. காலுக்குப் போகும் நரம்பு வேரும் சரியாக அங்கேதான் இறங்குகிறது. இருமும்போது வயிற்றிலும் முதுகுக் குழாயிலும் அழுத்தம் கூடுவதால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் அந்த நரம்பு சுண்டுகிறது.

ஸ்கேனை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு எடுப்பதில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. மொத்தம் 3,110 பேர். 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ்; 68 சதவீதம் பேருக்குத் தேய்மானம். அத்தனை பேரும் வலி தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். எனவே உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘தேய்மானம்’ என்ற வார்த்தைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 38 வயதில் அது முடியில் வரும் நரை.

நான் பார்ப்பது உங்கள் காலைத்தான். எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டுவது ஐந்தாவது இடுப்பு நரம்பு. அது பாதத்தின் மேல்பக்கத்துக்கும் கால் கட்டைவிரலுக்கும் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, இரண்டு கட்டைவிரல்களையும் மேலே தூக்குங்கள். வீட்டில் யாராவது ஒருவர் தன் விரலால் இரண்டையும் ஒரே அளவு அழுத்திப் பார்க்கட்டும். வலது விரல் மட்டும் தோற்றுப்போகிறதா? அப்புறம் குதிகாலில் நடந்து பாருங்கள், முன்பாதம் தரையில் தட்டுகிறதா என்று. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நுனிவிரலில் பத்து முறை எழும்பிப் பாருங்கள். அதில் சோதிப்பது அடுத்த நரம்பை. மரத்துப்போவது சுண்டுவிரல் ஓரத்திலும் உள்ளங்காலிலும் என்றால், ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் இடத்துக்கும் உங்கள் வலிக்கும் பொருத்தம் குறைவு. அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பலம் சரியாக இருந்தால் இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேண்டாம். இப்படிக் காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். பல்ஜ் அப்படியே இருக்கும்போதே வலி போய்விடுவதும் உண்டு. நரம்பைச் சுற்றியிருக்கும் அழற்சி வடிந்தாலே பாதி நிம்மதி. அதற்குச் சில நாள் மாத்திரை தேவைப்படலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படுத்தே கிடக்காதீர்கள். வலி கடுமையான ஓரிரு நாள் போதும். பிறகு வீட்டுக்குள்ளேயாவது கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும்.

வேலைக்குப் போகலாம், ஆனால் பழையபடி உட்காரக் கூடாது. முதுகை முழுதாக வளைத்துக் கூனி உட்காரும்போது முதுகுத் தசைகள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. பாரம் தசைநார்களுக்கும் டிஸ்க்குக்கும் மாறுகிறது. மணிக்கணக்கில் இழுபட்ட தசைநார் சற்று நேரம் தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் சட்டென்று எழுந்து துணிப் பண்டலைத் தூக்குவதுதான் வம்பு. எழுந்ததும் ஓரிரு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். இப்போதைக்குப் பண்டலை வேறு யாராவது எடுத்துத் தந்தால் இன்னும் நல்லது. அரை மணிக்கு ஒரு முறை எழ வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். பாபின் மாற்றும்போதாவது நின்றுகொண்டு மாற்றுங்கள். ஸ்டூலை மெஷினுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாலே பாதிக் குனிதல் குறையும்.

பெல்ட் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தாது. பஸ்ஸில் போகும்போது, அதிக வலியுள்ள சில நாட்களுக்குப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். முதுகெலும்பை ஒட்டியே ஓடும் சிறு தசைகள் இடுப்பு வலி வந்தவர்களுக்கு மெலிந்துபோகின்றன. வலி நின்ற பிறகும் பலருக்கு அவை தாமாகத் தேறுவதில்லை. வயிற்றுத் தசை, பிட்டத் தசையோடு சேர்த்து அவற்றுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோவைப் பார்த்துத் தரையில் மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் பயிற்சியை (சிட்-அப்) இப்போது செய்ய வேண்டாம்.

கட்டைவிரலின் பலம் குறைந்தாலோ, பாதம் தொங்கினாலோ அந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பு அறுவை மருத்துவரையோ பாருங்கள். காய்ச்சல், உடல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோய் உட்பட வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். சிறுநீர் போக முடியாமல் அடைத்தால், அல்லது பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ஸ்கேன் படங்களையும் கையில் எடுத்துக்கொண்டு.