இரண்டு கிலோவாட் சோலார் போட்டால் லாபமா? முதலில் ரீடிங்கைப் பாருங்கள்

வீட்டு மாடியில் சிறிய அளவில், இரண்டு கிலோவாட் போல, சோலார் போட்டால் போட்ட காசு திரும்புமா, மின் கட்டணம் பூஜ்யமாகுமா, மின்வெட்டு நேரத்தில் உதவுமா என்று மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு எளிதில் பதில் சொல்லிவிடலாம்: பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு மின்வெட்டில் உதவாது. அதைப் பிறகு விளக்குகிறேன். முதல் இரண்டும்தான் பலர் ஏமாறும் இடம்.

வெயில் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் தாராளமாக அடிக்கிறது. ஆகவே லாப நட்டத்தைத் தீர்மானிப்பது மின் வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரீடிங்தான். 500 யூனிட்டுக்கு மேல் அடிக்கடி போகிற வீடென்றால் தயங்காமல் போடுங்கள். 300க்குள் முடிந்துவிடுகிற வீடென்றால் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் நம் கட்டணப் படிகள். 2025 நிலவரப்படி சொல்கிறேன். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை ஏறக்குறைய பாதிக் கட்டணம். 400 வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள்தான். 500ஐத் தாண்டியதும் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது, 600க்கு மேல் ஒன்பதைக் கடக்கிறது, 1,000க்கு மேல் பதினொன்றைத் தாண்டுகிறது. போதாததற்கு, 501வது யூனிட் ஓடினால் அந்தப் பாதிக் கட்டணச் சலுகையும் பறிபோகும். அதாவது அடியில் இருக்கும் யூனிட்களை அரசு நமக்கு மலிவாகத் தருகிறது. உச்சியில் இருப்பவற்றுக்குச் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. சோலார் வெட்ட வேண்டியது உச்சியை. அடியில் இருப்பதையும் சேர்த்து வெட்டக் காசு செலவழிப்பது, ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் கடன் வாங்கி வயல் வாங்குவதற்குச் சமம்.

எண்களில் பார்க்கலாம். ஒரு கிலோவாட் தகடு நம் ஊரில் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். நல்ல நாளில் ஐந்தும் வரும், மழை மூட்டத்தில் ஒன்றரைக்கும் இறங்கும். இரண்டு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

800 யூனிட் ஓடும் வீட்டுக்கு சோலார் இல்லாமல் சுமார் 4,800 ரூபாய் வரும். அதில் 480 கழிந்தால் நிகரம் 320 யூனிட். கட்டணம் 800 ரூபாய்க்கு இறங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு நாலாயிரம் மிச்சம். 300 யூனிட் ஓடும் வீட்டின் கட்டணமோ மொத்தமே 700 ரூபாய் சொச்சம்தான். அதே தகடுகளைப் போட்டு அதைப் பூஜ்யமாக்கினாலும் மிச்சம் அந்த 700தான். தகடும் ஒன்று, செலவும் ஒன்று, பலன் மட்டும் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இனி செலவு. பேட்டரி இல்லாமல் வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் இரண்டு கிலோவாட் ஆன்-கிரிட் அமைப்புக்கு ஒன்றேகால் லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மத்திய அரசு மானியம் தருகிறது. மூன்றுக்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான் உச்சவரம்பு. மானியத்துக்கு உள்நாட்டில் தயாரான தகடுகளாக இருக்க வேண்டும். முழுத் தொகையை நாம் முதலில் கட்டிவிட்டு, வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வரும் யூனிட்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. விலைப்பட்டியலில் இன்னும் பழைய விகிதத்தை எழுதித் தருபவர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மானியம் போக நம் கையிலிருந்து சுமார் 80,000 என்று கொள்வோம். மதுரையில் எங்கள் வீட்டில் கோடையில் 800ஐத் தொடும். ஏசி ஓடாத மாதங்களில் 500ஐ ஒட்டி நிற்கும். ஆண்டுக்குப் பதினேழாயிரம் வரை மிச்சமாகிறது. ஐந்து ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். திண்டுக்கல்லில் இருக்கும் என் அக்கா, "நீ போட்டாயே, நானும் போடட்டுமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். இரண்டு பேர் இருக்கும் வீடு, 280 யூனிட்டைத் தாண்டியதில்லை. அவர்களுக்கு முதல் திரும்ப இருபது ஆண்டு ஆகும். இடையில், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். தகடு 25 ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு அரை விழுக்காடு போலத்தான் திறன் இறங்கும். இன்வெர்ட்டருக்கு அந்த ஆயுள் கிடையாது. "இருபத்தைந்து ஆண்டு வாரண்டி" என்று விற்பனையாளர் சொல்வது தகட்டுக்கு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள்.

என்னிடம் வந்த முதல் விற்பனையாளர் ஐந்து கிலோவாட் போடச் சொன்னார். "கட்டணம் பூஜ்யம் சார், மிஞ்சினால் வாரியத்துக்கே விற்கலாம்" என்றார். அவருக்கு லாபம் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று கிடைக்கிறது, சொல்லத்தான் செய்வார். வாரியத்துக்குக் கொடுத்து வீட்டு மாடியிலிருந்து பெரிதாகப் பணம் பார்க்க முடியாது. நெட் மீட்டரின் உண்மையான பயன் வேறு. பகலில் ஆளில்லாத வீட்டில் உற்பத்தியாகும் யூனிட் வெளியே போய்க் கணக்கில் நிற்கும். இரவு ஏசி ஓடும்போது அது கழிந்துகொள்ளும். எல்லோரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது இல்லாவிட்டால் சோலாரே வீண். ஆகவே நெட் மீட்டர் விண்ணப்பத்தை யார் செய்து முடிப்பது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்வெட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், தெருவில் மின்சாரம் நின்ற மறு நொடியே தானும் நின்றுவிடும். உச்சி வெயிலில் நான்கு தகடும் தகதகக்க, வீட்டுக்குள் மின்விசிறி நின்றுபோயிருக்கும். கோளாறு என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் கம்பியில் நம் வீட்டிலிருந்து மின்சாரம் பாயக் கூடாதல்லவா? வெட்டு நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். மானியம் பேட்டரிக்குக் கிடையாது. செலவு எளிதாக இரட்டிப்பாகும்; மேலே சொன்ன ஐந்து ஆண்டுக் கணக்கும் உடைந்துபோகும். நாள்தோறும் பல மணி நேரம் வெட்டு இருக்கும் ஊர் என்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டர், பேட்டரியைத் தனியாக அப்படியே விட்டுவிடுங்கள், நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இடம் பெரிய விஷயமில்லை. 540 வாட் தகடு நான்கு, சுமார் 200 சதுர அடி நிழலில்லாத இடம். தெற்கு நோக்கி, பத்து டிகிரிக்கு அருகே சரிவாக வைத்தால் போதும். நிழல்தான் எதிரி. தகடுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், பக்கத்து வீட்டுத் தென்னையின் கீற்று ஒரு தகட்டின் மேல் நிழலாடினாலும் மற்றவற்றின் உற்பத்தியையும் அது இழுத்துக் குறைக்கும். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, கைப்பிடிச்சுவர் எல்லாவற்றின் நிழலையும் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்றரைக்கும் மாடியில் போய் நின்று பாருங்கள். அதுவும் மார்கழியில் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும்.

துணி காயப்போட, வடாம் வைக்க மாடி வேண்டுமென்றால் தகடுகளை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டச் சொல்லலாம். இரும்புச் செலவு கூடும், ஆனால் கீழே நிழல் கிடைக்கும். எங்கள் வீட்டு மேல்தளச் சூடு குறைந்தது நான் எதிர்பாராத வரவு.

சித்திரை வெயிலில் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்று எண்ண வேண்டாம். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரியைத் தாண்டி அதன் மேல்பரப்பு சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும், மே மாத மதியத்தில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பிப்ரவரி, மார்ச்சில் வருவதைப் பார்த்துவிட்டு மே மாதத்தில் "என்ன குறைகிறதே?" என்று பதறி விற்பனையாளரை அழைப்பவர்கள் உண்டு.

கழுவுவது நம் வேலை. தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் உற்பத்தி இறங்குவது, அதைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் அப்பட்டமாகத் தெரியும். அதிகாலையில் அல்லது மாலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் நடுப்பகலில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும், ஆகவே கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர்.

வாடகை வீடு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அடுக்குமாடியில் மாடி பொது என்பதால் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு திருகாணிகூட முடுக்க முடியாது.

கடைசி ஆறு ரீடிங்கை எடுத்து வைத்து, அவற்றில் எத்தனை 500ஐத் தாண்டியிருக்கின்றன என்று பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் இரண்டு கிலோவாட் போடுங்கள். ஆறுமே 1,000ஐத் தாண்டினால் மூன்று கிலோவாட். ஒன்றுகூட இல்லையென்றால், பழைய மின்விசிறிகளை மாற்றி 28 வாட்டில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறிகளை வாங்குங்கள். பழையவை 75 வாட் இழுத்துக்கொண்டிருக்கும்.