கேளுங்க சொல்றோம்: சிவன்யா ஏன் இப்படி இழுத்தடிக்கிறா?

கேள்வி: 'நாகினி' டிவி சீரியலோட முதல் சீசன மறுபடி பாத்துட்டிருக்கேன். சிவன்யா நெனச்ச உருவத்துக்கு மாறுற இச்சாதாரி நாகம், அப்பா அம்மாவ கொன்னவங்க வீட்டுக்குள்ளயே மருமகளா போயாச்சு, அப்புறமும் எதுக்கு இவ்வளவு தயக்கம்? எங்க வீட்டுக்காரரு "மொத நாள் ராத்திரியே போட்டிருந்தா வேல முடிஞ்சிருக்கும்"ங்கிறார்.
- ஒரு வாசகி, தேனி

பதில்: முடிஞ்சிருக்கும்தான், ஆனா 2015 நவம்பர்ல ஆரம்பிச்ச கதைய 2016 ஜூன் வரைக்கும் எத வச்சு ஓட்டுறது, அவங்களும் பொழைக்கணும்ல! அத விடுங்க, அவ தயங்குறது எனக்கு என்னவோ பிடிச்சுதான் இருந்துச்சு. கொன்னது அஞ்சு பேரு, அதுல அஞ்சாவது யாருன்னு தெரியாம தேடிட்டே இருக்கா, கடைசில பாத்தா பக்கத்துலயே நின்ன மாமியார் யாமினி. அவசரப்பட்டு கண்டவனையும் கொத்தியிருந்தா நாகமணிக்காக கொன்ன அந்த அஞ்சு பேருக்கும் இவளுக்கும் என்னங்க வித்தியாசம். பழி வாங்கத்தான் ரித்திக்க கட்டிக்கிட்டா, போற போக்குல அவன் மேலயே மனசு வந்துருச்சு, அதுக்கப்புறம் கை நடுங்கத்தான் செய்யும். எனக்கு கடுப்பு ரித்திக் மேலதான். கூடவே குடும்பம் நடத்துறா, பொண்டாட்டி மூஞ்சில ஏதோ ஓடுதுன்னு கூடவா ஒருத்தனுக்கு தெரியாது? நம்ம வீட்டு ஆம்பளைங்கள பாத்து எழுதுன கேரக்டரோ என்னவோ (உங்க வீட்டுக்காரர சொல்லலைங்க).

கேள்வி: அப்போ சேஷாதான் வில்லியா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: அவள அப்படி ஒரே வார்த்தைல தள்ளிட முடியல. கூடப்பொறந்தவ மாதிரி சிவன்யாவோட சேந்து பழி வாங்க வந்தவ, அதே ரித்திக் மேல ஆசப்பட்டுட்டா, அங்கதான் புத்தி கெட்டுப்போச்சு. ஆனா சிவன்யா மனசுல ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு திரியுறப்ப, இவ எனக்கு அவன் வேணும்னு நேரா நிக்கிறா. செஞ்சது தப்புதான், ஆனா அவ வர்ற சீன்ல ரிமோட்ட தொட மனசு வரலையே.

கேள்வி: யாமினியா வர்றவங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சுதா சந்திரன்ங்க. 1981ல திருச்சி பக்கம் நடந்த விபத்துல ஒரு காலு போயி, ஜெய்ப்பூர் செயற்கைக் கால் மாட்டிக்கிட்டு திரும்ப மேடையேறி ஆடுனவங்க, 1985ல வந்த 'மயூரி' படம் அவங்க வாழ்க்கைய வச்சு எடுத்ததுதான், நடிச்சதும் அவங்களே. யாமினி வசனமே இல்லாம கண்ண ஒரு உருட்டு உருட்டுனா நமக்கு வயித்த கலக்குது பாருங்க, அது பரதநாட்டியக் கண்ணு.