கசகசாச் செடியும் கம்பெனி அபினும்: கேள்வி பதில்

கேள்வி: சமையலில் அரைக்கும் கசகசாவும் அபினும் ஒரே செடியிலிருந்தா வருகின்றன?

பதில்: ஆமாம், ஒரே செடிதான். பச்சைக் காயின் தோலைக் கீறினால் வடியும் பால்தான் அபின். காய் முற்றிக் காய்ந்த பிறகு உள்ளிருந்து உதிரும் விதை கசகசா. சில வளைகுடா நாடுகளில் கசகசாவுக்கே தடை உண்டு. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில்கூட அதை வைக்க வேண்டாம்.

கேள்வி: கிழக்கிந்தியக் கம்பெனி அதை எப்படித் தயாரித்தது? படிப்படியாகச் சொல்லுங்கள் சார்.

பதில்: 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள அபினைக் கம்பெனியின் ஏகபோகம் ஆக்கினார். கங்கைக் கரையில் பட்னா, காசிப்பூர் என்று இரண்டு ஆலைகள். நவம்பர் வாக்கில் விதைப்பார்கள். பூவிதழ் உதிர்ந்து காய் திரண்டதும், மூன்று நான்கு மெல்லிய தகடுகளை நூலால் சேர்த்துக் கட்டிய ‘நஷ்தர்’ என்ற கத்தியால் பிற்பகலில் கீறுவார்கள். கீறல் ஆழமானால் பால் காய்க்குள்ளேயே வடிந்து வீணாகும், விதையும் கெடும். இரவில் கசிந்து கெட்டியான பாலை மறுநாள் காலையில் இரும்புக் கரண்டியால் வழிப்பார்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அதே காயை மறுபடி கீறுவார்கள். பனி அதிகமானால் பால் நீர்த்துவிடும். அதிலிருந்து பிரியும் கரிய நீருக்குப் ‘பசேவா’ என்று பெயர்.

ஆலையில் நூற்றுக்கு 70 பங்கு கெட்டிச் சரக்கு, 30 பங்கு நீர் என்பதே அளவுகோல். அதற்குக் குறைந்தால் விலையையும் குறைப்பார்கள். மாவு கலந்திருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். தேறிய சரக்கைப் பித்தளைக் கிண்ணத்தில் வைத்து, உதிர்ந்த பூவிதழ்களை ரொட்டிபோல் தட்டிய ஏடுகளால் பொதிந்து, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உருண்டையாக்குவார்கள். பெட்டிக்கு 40 உருண்டை, சுமார் 63 கிலோ. கள்ளச்சரக்கு என்று நாம் படிக்கும் அபின் இப்படி ஓர் அரசாங்கமே தரம் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பிய சரக்கு. இதை மறந்துவிட்டு, பிரிட்டன் சீனாவோடு நடத்திய அபின் போரைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: விவசாயிக்கு இதில் என்ன கிடைத்தது?

பதில்: நல்ல நிலமும் நீரும் திரும்பத் திரும்பக் களையெடுப்பும் கேட்கிற பயிர் இது. விலையை வைத்தது கம்பெனி. வேறு யாருக்கும் விற்பது குற்றம். அப்படியும் ஏன் பயிரிட்டார்கள் என்றால், விதைப்புக்கு முன்பே முன்பணம் கைக்கு வந்துவிடும். அது குத்தகை கட்டவேண்டிய நேரம். வாங்கியவர் அடுத்த ஆண்டும் வாங்கியே ஆக வேண்டிய நிலை.

கேள்வி: கம்பெனியே சீனாவில் கொண்டுபோய் விற்றதா?

பதில்: இல்லை. சீனாவில் அபினுக்குத் தடை இருந்தது. அதனால் கல்கத்தாவில் ஏலம் விட்டதோடு தன் கை சுத்தம் என்றது. ஏலம் எடுத்த தனி வணிகர்கள், தென்சீனத் துறைமுகமான கான்டனுக்குப் போகும் வழியில் லின்டின் தீவருகே நின்ற கப்பல்களில் இறக்கி, வெள்ளிக்கு விற்றார்கள். அந்த வெள்ளி கான்டனில் கம்பெனிக் கருவூலத்துக்கு வந்து, தேயிலை வாங்கப் போனது.

கேள்வி: சீனப் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் ட்சேஷு, அந்நிய வணிகர்களிடம் பறித்த அபினை ஏன் எரிக்கவில்லை?

பதில்: எண்ணெய் ஊற்றி எரித்தால் ஒரு பகுதி உருகி மண்ணில் இறங்கிவிடும். பிறகு அந்த மண்ணைத் தோண்டி அபினை மீட்டுவிடுவார்கள். அதனால் கான்டன் அருகே ஹூமனில் கல் பாவிய குழிகள் வெட்டி, நீர் விட்டு உப்பைக் கரைத்தார். உருண்டைகளை உடைத்துப் போட்டு அரை நாள் ஊறவிட்டார். மேலே சுட்ட சுண்ணாம்பைக் கொட்டியதும் குழியே கொதித்தது. ஆட்கள் கிளறிக் கொடுக்க, கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிட்டார். 20,000 பெட்டிக்கு மேல் இருந்த சரக்கு. 1839 ஜூன் 3இல் தொடங்கி மூன்று வாரத்துக்கு மேல் பிடித்தது.

கேள்வி: அபின் போரில் நம்மூர்ச் சிப்பாய்கள் இருந்தார்களா அண்ணா?

பதில்: இருந்தார்கள் தம்பி. மதராஸ் 37ஆம் காலாட்படை போனது. 1841 மே மாதம், கான்டன் பக்கம் சான்யுவான்லியில் கொட்டும் மழை. அதன் ஓர் அணி தனியாகச் சிக்கிக்கொண்டது. சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள், மருந்து நனைந்து வெடிக்கவில்லை. ஊர் மக்கள் மூங்கில் ஈட்டிகளோடு சூழ, துப்பாக்கி முனைக் கத்தியோடு சதுரமாக நின்று தாக்குப்பிடித்தார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் வந்துதான் மீட்டார்கள். பீகார் உழவனின் சரக்குக்காக மதராஸ் சிப்பாய் சீன உழவனோடு மோதிய இடம் அது.

கேள்வி: நான்ஜிங் ஒப்பந்தம் அபினைச் சட்டப்படி அனுமதித்ததா?

பதில்: பலரும் தவறாகச் சொல்லும் இடம் இது. முதல் அபின் போரை முடித்த இந்த 1842 ஒப்பந்தம் சீனாவிடமிருந்து ஹாங்காங், ஐந்து துறைமுகங்கள், 2.1 கோடி வெள்ளி டாலர் ஆகியவற்றைப் பறித்தது. அபின் வணிகத்துக்கு அதில் அனுமதி இல்லை. வரி கட்டி இறக்கலாம் என்றானது 1858இல், இரண்டாம் அபின் போரின் நடுவில்.

கேள்வி: காசிப்பூர் ஆலை இப்போது?

பதில்: மத்திய அரசின் கீழ் மருந்துக்காக இயங்குகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச உழவர்களில் உரிமம் பெற்ற பலர் இன்றும் நஷ்தரால் கீறுகிறார்கள்; கீறாமல் காயாகவே கொடுக்கும் உரிமமும் இப்போது உண்டு. கீறி எடுத்த அபினின் கொள்முதல் எடை இன்றுவரை அதே 70 பங்குக் கணக்கில்தான்.